கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? 58,000-ல் மாற்றச் சொல்கிறார்கள்

தாம்பரம்_டு_சிறுசேரி

வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக், மேனுவல் கியர், ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) கிளட்ச். ஓடியது 58,000 கி.மீ., பெரும்பாலும் ஓ.எம்.ஆர். நெரிசலில். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் "58 ஆயிருச்சு சார், கிளட்ச் மாத்திடுங்க" என்கிறார்கள். எனக்குத் தெரிந்த குறை இரண்டுதான்: பெடல் முன்பைவிட ரொம்பக் கீழே போய்த்தான் பிடிக்கிறது, காலையில் ரிவர்ஸ் போட்டால் சில நேரம் கரகரவென்கிறது. கிளட்ச் என்பது கி.மீ. பார்த்து மாற்றுகிற பொருளா?

ஸ்பேனர்14

கி.மீ. பார்த்து மாற்றுகிற பொருள் இல்லை சார். இன்ஜின் ஆயில், டைமிங் பெல்ட் இதற்கெல்லாம் கையேட்டில் அட்டவணை இருக்கும். கிளட்ச் பிளேட்டுக்கு (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் உராய்வுத் தட்டு) இருக்காது. தேயும்போது மாற்று, அவ்வளவுதான். அதனால்தான் வாரண்டியிலும் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

ஒரே மாடல் வண்டி நெடுஞ்சாலையிலேயே ஓடினால் 1,50,000-ஐத் தாண்டியும் அதே பிளேட்டில் போகும். நகரத்தில் 60,000 முதல் 1,00,000 வரை சாதாரணம். ஹாஃப் கிளட்ச்சிலேயே (பெடலைப் பாதி மிதித்தபடி) ஓட்டுகிற கால் கிடைத்தால் 30,000-லேயே முடிந்துவிடும். ஆக 58,000 என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு குறையும் சொல்கிறது. தேய்ந்த கிளட்ச் கீழே பிடிக்காது, மேலே பிடிக்கும். பிளேட் மெலியும்போது, அதை ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும், அந்த அழுத்தத்தைத் தரும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கம் எழும்பும். பெடலைப் பாதி விடுவதற்கு முன் பிடித்தது, முக்கால்வாசி விட்ட பிறகு பிடிக்கும். பெடலும் கனக்கும். தரையோடு ஒட்டிப் பிடிப்பதும் ரிவர்ஸில் கரகரப்பதும், கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்பதற்கான அடையாளம். அது வேறு நோய். பணம் கொடுக்கும் முன் எது என்று பாருங்கள்.

டார்க்_கணக்கு

மேலே சொன்னதற்கு எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.

புது பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் லைனிங் (உரசித் தேயும் மேல்படலம்) சுமார் 1.2 முதல் 1.5 மி.மீ. இருக்கும். அது 0.3 முதல் 0.5 மி.மீ.க்கு வந்தால் மாற்று என்பார்கள் (வண்டிக்கு வண்டி மாறும்). அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ., அதுதான் மொத்த ஆயுளும். ரிவெட் வெளியே வந்தால் ஃப்ளைவீலில் வட்டமாகக் கோடு போட்டுவிடும்.

கிளட்ச் முழுசாகப் பிடித்த பிறகு தேய்மானம் பூஜ்யம். 100 கி.மீ. வேகத்தில் திண்டிவனம் வரை போனாலும் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றாகவே சுற்றும். தேய்வது வழுக்கும்போது மட்டும்.

ஆட்களோடு 1,100 கிலோ வண்டி. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, முதல் கியரில் 10 கி.மீ. வேகத்தில் கிளட்ச் முழுசாகப் பிடிக்கிறது. வண்டிக்குள் போன இயக்க ஆற்றல் சுமார் 4,200 ஜூல். ஏறக்குறைய அதே அளவு கிளட்ச்சில் வெப்பமாகப் போகும். ஆக்சிலரேட்டரை முறுக்கி 15 கி.மீ. வேகத்தில் பிடிக்கவிட்டால் இது 9,500 ஜூல், இரட்டிப்புக்கு மேல்.

இப்போது மேம்பால ஏற்றம், 10-க்கு 1 சரிவு. பிரேக் போடாமல் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிக்கிறீர்கள். பின்னால் இழுக்கும் விசை சுமார் 1,080 நியூட்டன். டயர் ஆரம் 0.28 மீட்டர், முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்த்து 14 மடங்கு என்று வைத்தால் கிளட்ச்சில் 21-22 நியூட்டன் மீட்டர். இன்ஜின் 1,500 ஆர்.பி.எம். சுற்றினால் விநாடிக்கு 3,400 ஜூல் வெப்பம். 10 விநாடி அப்படி நிறுத்தினால் 34,000. அதாவது சமதளத்தில் எட்டு முறை கிளம்புவதற்குச் சமம், வண்டி ஓர் அங்குலம் நகராமல்.

ஓடோமீட்டர் இதையெல்லாம் எண்ணுவதில்லை.

கொல்லி70

எட்டு முறை கணக்கு அருமை. மலையேறுபவர்கள் இதைப் படிக்கணும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. ஆனா பிளேட்டைத் தின்பது வளைவு இல்லை. வளைவில் எதிரே பஸ் வரும்போது நிறுத்திட்டு, ஹேண்ட் பிரேக் போடாம கிளட்ச்சிலேயே தொங்கவிடுறது, அப்புறம் இரண்டாவது கியரிலேயே இழுக்கப் பார்க்கிறது. வளைவுக்கு முன்னாடியே முதல் கியருக்கு வந்து பெடலை முழுசா விட்டுடணும். நின்னா ஹேண்ட் பிரேக். கிளம்பும்போது இன்ஜின் லேசா அமுங்கற வரைக்கும் பெடலை விட்டுட்டு, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்கு.

இதைவிட மோசம் ஏற்றத்தில் ரிவர்ஸ். அடுக்குமாடி பேஸ்மென்ட் சரிவில் பின்னாடியே ஏத்தறவங்க இருக்காங்க. ரிவர்ஸ் கியர் பல்விகிதம் முதல் கியர் மாதிரிதான், ஆனா பின்னாடி பார்த்து ஊர்ந்து போறதால சரிவு முடியற வரைக்கும் ஹாஃப் கிளட்ச். தினமும் இது ஒண்ணு போதும். முன்னாடி ஏறி மேலே திருப்ப இடம் இருந்தா அப்படிப் பண்ணுங்க.

வேளச்சேரி_வெள்ளம்

சிக்னலில் கிளட்ச்சை முழுசாக மிதித்துக்கொண்டு முதல் கியரிலேயே நிற்பது தப்பா? பிளேட் விடுபட்டுத்தானே இருக்கிறது, எப்படித் தேயும்?

ஸ்பேனர்14

பிளேட் தேயாது, அது சரி. ஆனால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது டயஃப்ரம் விரல்களைத் தள்ளுவது) முழு பாரத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டை முன்பக்கம் தள்ளுவதால், அதைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷருக்கும் வேலை. 5 விநாடி சிக்னல் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் நியூட்ரல், காலை எடுத்துவிடுங்கள்.

ஓடும்போது பெடல் மேல் காலை "சும்மா" வைத்திருப்பதுதான் நிஜமான கேடு. கொஞ்சம் அழுத்தினாலே பிரஷர் பிளேட்டின் பிடி குறையும், ஐந்தாவது கியரில் ஏற்றம் வரும்போது கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கும். டெட் பெடல் (இடது காலை வைக்கும் மேடை) கொடுத்திருப்பது அதற்குத்தான்.

தாம்பரம்_டு_சிறுசேரி

நன்றி. வழுக்குகிறதா, விடுபடவில்லையா என்று வீட்டிலேயே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

லேத்_பட்டறை

தம்பி, ரெண்டு சோதனை. ரெண்டும் ஸ்பேனர் இல்லாம.

வழுக்கலுக்கு: காலி ரோட்டுல, இன்ஜின் நல்லா சூடானப்புறம், நாலாவது கியர்ல 40 கி.மீ. வேகம். ஆக்சிலரேட்டரை ஒரே மிதியா முழுசா மிதி. ஆர்.பி.எம். முள்ளும் வேகமும் சேர்ந்து மெதுவா ஏறினா பிளேட் நல்லாருக்கு. முள் மட்டும் எகிறி, வண்டி அங்கேயே இருந்தா வழுக்குது. லேசான ஏத்தத்துல பார்த்தா இன்னும் தெளிவாத் தெரியும். ஹேண்ட் பிரேக் போட்டு மூணாவது கியர்ல கிளட்ச்சை விடுற சோதனையும் உண்டு, இன்ஜின் உடனே அணையணும். ஆனா அதை ஒரு தடவைக்கு மேல பண்ணாதே. பிளேட் நல்லாருந்தாலும் நீயே கருக்கிடுவே.

விடுபடலையான்னு பார்க்க: வண்டி நிக்கட்டும், ஐடில்ல ஓடட்டும், நியூட்ரல். பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சு, மனசுல அஞ்சு வரைக்கும் எண்ணு. அப்புறம் ரிவர்ஸ் போடு. பல வண்டியில ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்கள் சேரறதுக்கு முன்னாடி வேகத்தைச் சமமாக்கற அமைப்பு) கிடையாது, அதனால மிதிச்ச உடனே போட்டா நல்ல வண்டியும் கரகரக்கும். அஞ்சு எண்ணினப்புறமும் கரகரன்னா கிளட்ச் முழுசா விடுபடாம இழுத்துக்கிட்டிருக்கு. அடுத்து பெடலை வேகமா மூணு தடவை பம்ப் பண்ணிட்டு ரிவர்ஸ் போடு. இப்போ வெண்ணெய் மாதிரி விழுந்தா ஹைட்ராலிக்ல காத்து, இல்ல கசிவு. பம்ப் பண்ணியும் மாறலைன்னா உள்ளே ஏதோ: வளைஞ்ச பிளேட், ஸ்ப்ளைன்ல (பிளேட் உக்கார்ற தண்டோட பல் வரிகள்) துரு, தேஞ்ச ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுற கவை).

வேளச்சேரி_வெள்ளம்

துரு என்றதும் ஒன்று. டிசம்பர் மழையில் தண்ணீரில் நின்ற வண்டிகளில் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பெடல் கீழே போகும், எந்தக் கியரும் விழாது. கிளட்ச் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், பல நேரம் ஒட்டு விட்டதும் சரியாகிவிடும். ஆனால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்க்காமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. ஈரக் காலையில் முதல் இரண்டு மூன்று தடவை கிளம்பும்போது மட்டும் அதிர்ந்து, பிறகு நின்றுபோனால் அது வெறும் ஈரம்.

தாம்பரம்_டு_சிறுசேரி

பார்த்தாயிற்று. நாலாவது கியரில் முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறுகின்றன. ஐந்து எண்ணியும் ரிவர்ஸ் கரகரத்தது. பம்ப் செய்ததும் சுத்தமாக விழுகிறது.

ஸ்பேனர்14

அப்படியானால் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். இனி திரவத்தைத் தேடுங்கள்.

போனெட்டைத் திறந்து ரிசர்வாயர் (திரவத் தொட்டி) அளவைப் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ரிசர்வாயர். கிளட்ச் குழாயை அதில் மேல்மட்டத்தில் எடுத்திருப்பார்கள். கிளட்ச் பக்கம் கசிந்தால் பிரேக் திரவமும் சேர்ந்து காலியாகக் கூடாது என்பதற்காக. பிளேட் தேய்ந்தால் திரவம் ரிசர்வாயருக்குத் திரும்பி அளவு சற்று ஏறும். இறங்கினால் கசிவு, அல்லது பிரேக் பேட் தேய்மானம். இரண்டையும் பாருங்கள்.

கசிவு மூன்று இடத்தில் வரலாம். ஒன்று மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுப்பது): டார்ச் அடித்து, பெடலுக்கு மேலே தள்ளுகோல் உள்ளே நுழையும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாகவோ பிசுக்காகவோ இருந்தால் சீல் போய்விட்டது. இரண்டு, கியர்பாக்ஸ் வெளியே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் (அந்தத் திரவ அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளுவது): தூசி ரப்பரை விலக்கினால் திரவம் வழியும். மூன்று, ஸ்லேவ் ரிலீஸ் பேரிங்கோடு ஒன்றாக பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) உள்ளேயே இருக்கும் வகை. அது கசிந்தால் ஹவுசிங் அடியில் சொட்டும். அந்த வகைக்கு மட்டும்தான் கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும்.

வெளியே எங்கேயும் ஈரம் இல்லாமலே மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசியவும் செய்யும். பெடலை மிதித்தபடி கியரில் நிற்கும்போது வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்த்தால் அதுதான்.

ஆல்ட்டோ_அடிமை

என்னுடையது கேபிள் கிளட்ச். இதெல்லாம் பொருந்துமா?

லேத்_பட்டறை

கேபிள்ல கதை வேற. பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறைஞ்சுக்கிட்டே வரும். பெடலை விரலால அமுக்கிப் பாரு, பாரம் தெரியறதுக்கு முன்னாடி சும்மா போற தூரம்தான் அது. 15 முதல் 25 மி.மீ. வட்டாரத்துல இருக்கும், உன் வண்டிக் கையேடு சொல்றதே கடைசி. ஃப்ரீ பிளே சுத்தமா இல்லைன்னா நல்ல பிளேட்டும் வழுக்கி வீணாப்போகும். ஃபோர்க் பக்கம் இருக்கிற நட்டைத் திருப்பி விட்டா போதும், பத்து நிமிஷ வேலை. பெடல் கனத்துப்போச்சுன்னா முதல்ல கேபிளைப் பாரு. உள்ளே இழை பிரிஞ்சிருக்கும், ஒருநாள் சிக்னல்ல அறுந்து தொங்கும். அட்ஜஸ்ட் நட் மரை கடைசிக்கு வந்தப்புறமும் வழுக்குதுன்னா அப்போ பிளேட் முடிஞ்சது.

சத்தம்_கேக்குதா

சத்தம் வைத்துப் பிரிப்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். பெடலை மிதித்தால் 'கீ' என்று வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது உறுமி, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) பேரிங். அதற்குக் கிளட்ச் மாற்றினால் காசுதான் போகும். கிளம்பும்போது வண்டியே உதறினால் பிளேட்டில் ஆயில், ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டு, அல்லது உடைந்த இன்ஜின் மவுண்டிங். மவுண்டிங்கை முதலில் பாருங்கள், மலிவு அதுதான்.

டார்க்_கணக்கு

கியர்பாக்ஸ் இறங்கியே ஆகவேண்டும் என்றால் என்னென்ன செய்யச் சொல்ல வேண்டும் என்றும் இங்கே இருக்கட்டும். சின்ன வண்டியில் செலவின் பெரும்பங்கு இறக்கி ஏற்றும் கூலி. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக மாற்றுவது அதனால்தான். "பேரிங் நல்லா இருக்கு, பழசே போதும்" என்று மிச்சம் பிடித்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். லுக், வேலியோ, எக்ஸெடி என எந்த பிராண்ட் போட்டாலும் சரி, வண்டி மாடலுக்குப் பொருந்தும் செட்தானா என்று பழைய பிளேட்டின் விட்டத்தையும் ஸ்ப்ளைன் பற்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஏற்றட்டும்.

கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் கியர்பாக்ஸ் இன்புட் சீலையும் அப்போதே பாருங்கள். அங்கே ஒரு சொட்டு கசிந்தாலும் புது பிளேட் நனைந்து வழுக்கும்.

லேத்_பட்டறை

ஃப்ளைவீலை விட்டுட்டீங்களே. ஒவ்வொரு தடவையும் லேத்ல முகம் வாங்கணும் (உரசற பரப்பைக் கடைஞ்சு சமமாக்கணும்).

ஸ்பேனர்14

ஒவ்வொரு தடவையுமா? இதில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணே. வெடிப்பு, நீலத் திட்டு, நகத்தில் தட்டுப்படும் கோடு, டயல் கேஜில் 0.2 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் லேத். ஒன்றும் இல்லையென்றால் எமரித் தாளால் பளபளப்பை எடுத்துத் துடைத்தால் போதும். தேவையில்லாமல் கடைந்தால் கனம் குறையும்.

லேத்_பட்டறை

சரி, ஆட்டம் இல்லைன்னா விடலாம், ஒத்துக்கறேன். ஆனா கடையறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். சில ஃப்ளைவீல்ல பிரஷர் பிளேட் உக்காரற இடமும் பிளேட் உரசற இடமும் ஒரே மட்டத்துல இருக்காது, படி இருக்கும். உரசற முகத்தை மட்டும் வாங்கிட்டு படியை விட்டா பிரஷர் பிளேட்டோட பிடி குறையும், புது கிளட்ச் முதல் நாளே வழுக்கும். எவ்வளவு முகத்துல எடுத்தியோ அவ்வளவு படியிலயும் எடுக்கணும்.

ஏத்தும்போது நடக்கற தப்பு மூணு. பிளேட்டைத் திருப்பிப் போடறது. ஃப்ளைவீல் பக்கம் எதுன்னு அதுலயே அடிச்சிருக்கும். ஸ்ப்ளைன்ல கிரீஸை அப்பறது. மெல்லிசாப் பூசி, பிளேட்டை ரெண்டு தடவை முன்னும் பின்னும் ஓட்டி, பிதுங்கினதைத் துடைச்சிடணும், இல்லைன்னா சுத்தும்போது லைனிங்ல தெறிக்கும். மூணாவதுதான் பெரிய தப்பு: ஜாக் இல்லாம கியர்பாக்ஸை இன்புட் ஷாஃப்ட் மேல தொங்கவிட்டு போல்ட்டைத் தேடறது. பிளேட்டோட நடுப்பகுதி வளைஞ்சுடும். அப்புறம் புது கிளட்ச்சும் ரிவர்ஸ்ல கரகரக்கும்.

பிரஷர் பிளேட் போல்ட்டை ஒண்ணை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதே. எதிரெதிரா, அரை அரைச் சுத்து. கடைசியா டார்க் ரெஞ்ச்.

டீசல்_தாத்தா

டீசல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பல வண்டிகளில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இரண்டு துண்டாக இருக்கும் ஃப்ளைவீல்). உள்ளே வில் ஸ்பிரிங்கும் கிரீஸும் உண்டு. பொதுவாக லேத்தில் கடையக் கூடாது. செலவில் கிளட்ச் செட்டையே தூக்கிச் சாப்பிடும். அணைக்கும்போது 'தட தட', ஐடிலில் உலோகச் சத்தம், இவை அதன் அறிகுறிகள். கியர்பாக்ஸ் இறங்கியதும் கையால் திருப்பி எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். தானே சரிசெய்துகொள்ளும் கிளட்ச் என்றால் பிளேட் தேய்ந்தாலும் பெடல் மாறவே மாறாது, முன்னறிவிப்பு வராது. அதை மாட்ட தனிக் கருவி வேண்டும். வெறும் போல்ட்டால் இழுத்தால் சரிசெய்யும் வளையம் நழுவிவிடும்.

மதுரை_ஆட்டோகியர்

ஏ.எம்.டி. (தானே மாறும் மேனுவல் கியர்) வண்டிக்குக் கிளட்ச் பெடலே இல்லையே, அதுக்கும் தேயுமா?

கொல்லி70

நிச்சயமா தேயும். உள்ளே இருக்கிறது அதே உலர் பிளேட்தான், மிதிக்கறது மட்டும் உங்க காலுக்குப் பதிலா ஆக்சுவேட்டர்ங்கற கருவி. பிரேக்கை விட்டா ஊர்ந்து போகுதே, அது ஹாஃப் கிளட்ச். நெரிசல்ல ஓர் அடி ஓர் அடியா ஊராம, கொஞ்சம் இடைவெளி விழுந்தப்புறம் போங்க. ஏற்றத்துல ஆக்சிலரேட்டரை லேசா அமுக்கி வண்டியை நிறுத்தறது இதுக்கு எமன். பிரேக் போட்டு நிறுத்துங்க. பிளேட் மாத்தினதும் ஸ்கேனர் போட்டு வண்டிக் கம்ப்யூட்டருக்குப் புது பிடிப்புள்ளியைக் கத்துக்கொடுக்கணும்; அதைச் செய்யாத இடத்தில் மாத்தாதீங்க.

தாம்பரம்_டு_சிறுசேரி

ரிசர்வாயர் குறைந்தபட்சக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. பெடலுக்கு மேலே தள்ளுகோல் ஈரம். திரவம் கறுப்பு. பிரேக் பேட் நல்லா இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் மட்டும் மாற்றினால் போதுமா?

ஸ்பேனர்14

மாஸ்டர் மாற்றுங்கள். திரவம் கறுத்திருப்பதால் ரப்பர் கரைந்திருக்கிறது. ஸ்லேவும் அதே வயதுதான், வெளியே இருக்கும் வகையென்றால் அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுவேன். புதுத் திரவம் மூடியில் எழுதியிருக்கும் வகை, டாட் 3 அல்லது டாட் 4. சீல் உடைக்காத புட்டி மட்டும்.

காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஸ்லேவின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் திருகு) ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையைப் பழைய திரவம் கொஞ்சம் உள்ள புட்டியில் முக்குங்கள். ஒருவர் மெதுவாகப் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகு பெடலை விட வேண்டும். பெடல் கீழேயே நின்றால் கையால் தூக்குங்கள். குமிழி நின்று, தெளிந்த திரவம் வரும் வரை இது தொடரும். இடையிடையே ரிசர்வாயரை நிரப்புங்கள். அளவு கிளட்ச் குழாய்க்குக் கீழே இறங்க விட்டால் மறுபடி காற்று புகும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

முடிந்ததும் அதே ஐந்து எண்ணும் ரிவர்ஸ் சோதனை. பம்ப் செய்யாமலே விழ வேண்டும்.